நாற்காலி வாங்கும் முன், செய்யச் சொல்லும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை வில்லிவாக்கத்தில் எங்கள் பட்டறை. அளவு எடுப்பதும் வரைவதும் நான், செய்வது இரண்டு ஆசாரிகள், ஸ்பான்ச் வைத்துத் துணி தைக்க வாரத்தில் மூன்று நாள் ஒருவர் வருவார். நாற்காலி தவிர வேறெதுவும் செய்வதில்லை. போனிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன, ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்றில்லை, கடையில் வாங்குகிறவர்களுக்கும் இதே அளவுகள்தான்.

கடையில் உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்கினேன். பத்து நாளில் இடுப்பு வலிக்கிறது. எப்படி?

கடையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள்? இரண்டு நிமிடம் இருக்கும், அதுவும் விற்பவர் பக்கத்திலேயே நிற்க, கொஞ்சம் கூச்சத்தோடு. இரண்டு நிமிடத்துக்கு எந்த நாற்காலியும் சுகம்தான், மெத்தென்று இருந்தால் இன்னும் சுகம். உட்காரும்போது நம் எடையில் பெரும்பகுதி இடுப்பெலும்பின் அடியில் இருக்கிற இரண்டு முனைகளில் இறங்குகிறது. ஸ்பான்ச் மட்ட ரகமாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் அமுங்கிப்போய், எலும்பு அடிப்பலகையைத் தொட ஆரம்பிக்கும். அதற்கப்புறம் நாம் நெளிவோம், ஒரு பக்கமாகச் சாய்வோம், முன்னால் நகர்வோம். இடுப்பு வலி இந்த நெளிவில்தான் தொடங்குகிறது. எனவே கடையில் இருபது நிமிடம் உட்காருங்கள், யார் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. கூட வந்தவரோடு பேசிக்கொண்டே இருங்கள், எத்தனை தடவை நெளிகிறீர்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. கடையில் செருப்போடு உட்காருகிறோம், வீட்டில் வெறுங்காலோடு. செருப்பின் கனம் சாதாரணமாக 2 செ.மீ. இருக்கும், ஷூ என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். நாற்காலி உயரத்துக்கு உலகத்தில் புழங்குகிற அளவுகள் பெரும்பாலும் ஷூ போட்ட காலை நினைத்துப் போட்டவை. கடையில் கச்சிதமாக இருந்த உயரம் வீட்டு டைல்ஸில் கால் வைத்ததும் கச்சிதமாக இல்லாமல் போவது அதனால்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பாருங்கள், உடனே தெரியும்.

சரி, உயரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

என் அம்மா ஐந்தடி. பல வருடம் எங்கள் சாப்பாட்டு மேசை நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். முதுகு சாய்ப்பில் பட்டு நான் பார்த்ததே இல்லை. அவசரமாக எழுந்து பரிமாற வேண்டுமே என்று அப்படி உட்காருகிறார் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் எதிரே தரையில் உட்கார்ந்து கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தால், பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்த அம்மாவின் கால் இரண்டும் தரையில் படாமல் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு கால் பெருவிரலால் மேசையின் குறுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அளந்தேன். முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை அம்மாவுக்கு 38 செ.மீ., நாற்காலி 47. ஒன்பது செ.மீ. வித்தியாசம், தினமும் மூன்று வேளை. தொடையின் அடிப்பக்கம் பலகை விளிம்பில் அழுந்தி மரத்துப்போவதால்தான் நுனிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

கடை நாற்காலிகள் பெரும்பாலும் 45 செ.மீ., அதாவது 18 அங்குலத்தை ஒட்டித்தான் வருகின்றன. ஐந்தே முக்கால் அடி ஆணுக்கு அது பொருந்தும், நம் வீட்டுப் பெண்களில் பலருக்குப் பொருந்தாது. வெறுங்காலோடு உட்கார்ந்து பாதம் முழுக்கத் தரையில் படிய வேண்டும், தொடை ஏறத்தாழத் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை எவ்வளவோ அவ்வளவுதான் உங்கள் உயரம், ஒரு செ.மீ. குறைந்தாலும் தப்பில்லை.

ஆனால் நாற்காலியை மட்டும் அறுத்துவிட முடியாது, மேசையும் இருக்கிறதே. உட்காரும் பலகைக்கும் மேசை மேல்மட்டத்துக்கும் நடுவே 27லிருந்து 30 செ.மீ. இருந்தால்தான் கை சௌகரியமாக இலைக்கோ தட்டுக்கோ போகும். மேசை 76 செ.மீ. என்றால் 38 செ.மீ. நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத் தட்டு நெஞ்சுக்கு வந்துவிடும். எங்கள் வீட்டில் கடைசியில் செய்தது இது: நாற்காலிக் காலில் 4 செ.மீ. அறுத்தோம், மேசைக் காலில் 3 செ.மீ. அறுத்தோம், அம்மா உட்காரும் இடத்தில் கால் வைத்துக்கொள்ள 5 செ.மீ. உயரத்தில் ஒரு பழைய மணையைப் போட்டோம். 47 போய் 43 ஆச்சு, மணையோடு சேர்த்து அம்மாவுக்கு 38. வீட்டில் உயரமானவர்களுக்கும் தொந்தரவு இல்லை. முதல்நாள் அம்மா பின்னால் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதை நான் மறக்கப் போவதில்லை.

நாற்காலியின் ஆழம் என்கிறார்களே, அது என்ன?

முன் விளிம்பிலிருந்து சாய்ப்பு வரை இருக்கிற நீளம். முதுகைச் சாய்ப்பில் ஒட்டி உட்கார்ந்தால், முழங்கால் மடிப்புக்கும் பலகை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். சாப்பாட்டு மேசை நாற்காலிக்கு 40லிருந்து 43 செ.மீ. பெரும்பாலோருக்குப் போதும். சோபாவோடு வருகிற ஒற்றை நாற்காலிகள் 55, 60 செ.மீ. ஆழத்தில் வருகின்றன. பார்க்க கம்பீரமாக இருக்கும், ஆனால் உட்கார்ந்தவர் நடுவில் மிதப்பார். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் இடுப்புக்குப் பின்னால் கெட்டியான திண்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பாதி பிரச்சினை தீரும்.

நான் நாற்காலியில் சம்மணம் போட்டுத்தான் உட்காருவேன். அது தப்பா?

தப்பே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லோரும் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் கேட்கிறார்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் உட்கார்ந்து படித்து, திண்ணையில் கால் மடித்து ஊர்க்கதை பேசி வளர்ந்த உடம்பு, நாற்காலி கொடுத்தாலும் காலைத் தூக்கி மேலேதான் வைக்கும். இரண்டு காலும் இல்லையென்றால் ஒரு காலாவது. நாற்காலிதான் இதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

நான் அளந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சம்மணம் போட்டால் ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரை 60 செ.மீட்டருக்கு மேல் வந்தது. சாதாரண நாற்காலியின் அகலம் 45 செ.மீ.தான். கைப்பிடி இருந்தால் முழங்கால் இரண்டும் அதில் இடிக்கும். கைப்பிடி இல்லாமல், அகலம் 55 செ.மீ. கொடுத்தால் முழங்கால் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டாலும் உறுத்தாது. பலகை நடுவில் குழி விழுந்ததாக இருக்கக் கூடாது, சமமாக, கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கணுக்கால் புதைந்து வலிக்கும். முன் விளிம்பை நன்றாக உருட்டிவிட வேண்டும். கால்கள் நான்கும் பலகையின் மூலைகளுக்கு நேர் கீழே வர வேண்டும், ஏனென்றால் ஒரு பக்கமாக எடை சாயும்போது, உள்ளடங்கிய கால்கள் உள்ள நாற்காலி கவிழும். இப்படி ஒன்று செய்துவைத்தால் கடை நாற்காலிகளைவிடத் தாழ்வாக, அகலமாக, கொஞ்சம் மணைபோலவே தெரியும். எங்கள் பட்டறையில் இருந்து போனவற்றில் எனக்கு மிகவும் அழகாகத் தெரிவது அதுதான்.

சென்னை வெயிலுக்கும் வியர்வைக்கும் எது தாங்கும்? ரெக்சினா, துணியா, பிரம்பா?

ரெக்சின் வேண்டாம், லெதர்போல இருக்கிற பியு (பாலியூரிதேன்) வகையும் வேண்டாம். துணிமேல் பூசிய பாலியூரிதேன் பூச்சு காற்றில் உள்ள ஈரத்தால் மெல்ல மெல்லச் சிதையும், நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. முதலில் தலையும் கையும் படுகிற இடத்தில் செதில் செதிலாக உரிந்து வெள்ளைச் சட்டையில் ஒட்டும். ஒருமுறை உரிய ஆரம்பித்தால் ஒட்டிச் சரிசெய்ய வழி இல்லை. அதோடு மே மாதத்தில் கரண்ட் போன மத்தியானம் ரெக்சினில் உட்கார்ந்தவருக்கு நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

காற்று போகிற பின்னல்தான் இந்த ஊருக்கு ஏற்றது. பிரம்புப் பின்னல் ஆசியாவிலிருந்து கப்பலேறித்தான் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நாற்காலிகளுக்கே போய்ச் சேர்ந்தது. பிரம்பு வேண்டாம் என்றால் நைலான் வயர். சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு வயர் பின்னுகிறவர் ஒருவர் வருவார், பச்சையும் வெள்ளையுமாக வயர் சுருள் தோளில் தொங்கும். அறுந்த வயரை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, வெறும் இரும்புச் சட்டத்தைக் குப்புறக் கவிழ்த்து, கால் கட்டைவிரலால் ஒரு முனையை மிதித்துக்கொண்டு மறுமுனையை இரண்டு கையாலும் இழுப்பார். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் விரலால் சுண்டிப் பார்ப்பார். வயர் டொங்கென்று ஒலி கொடுத்தால்தான் அடுத்த வரிசை, மொத்தென்று இருந்தால் பிரித்துத் திரும்ப இழுப்பார். பின்னிய வயர் உட்காருகிறவரின் உருவத்துக்கு லேசாகத் தொய்ந்து கொடுக்கும், எடை ஒரே இடத்தில் இறங்காமல் பரவும். அது தளர்ந்துபோனால் நடுவில் குழி விழுந்து இடுப்பைக் கெடுக்கும். அவர் சுண்டிப் பார்த்தது அதற்குத்தான்.

பிரம்பு, வயர் பின்னல் வேலையைப் பார்வையற்றவர்கள் பலர் முறையாகக் கற்றுச் செய்கிறார்கள். விரல் நுனியிலேயே இழுவிசை தெரிகிறவர்கள் அவர்கள். பழைய நாற்காலி இருந்தால் அவர்களைத் தேடிக் கொடுங்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: இரும்புச் சட்டம் வேண்டாம். உப்புக் காற்றில் வெல்டு வைத்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும்.

பிளாஸ்டிக் நாற்காலி கேவலமா?

கேவலம் என்று சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். 1972ல் பிரான்ஸில் ஆன்றி மசோனே என்பவர் ஒரே வார்ப்பில், இரண்டு நிமிடத்துக்குள், முழு நாற்காலியையும் எடுத்துவிடும் முறைக்கு வழி செய்தார். ஆணி இல்லை, மூட்டு இல்லை. இரண்டு மூன்று கிலோ எடையில் ஒரு மனிதரைத் தாங்குகிறது, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஐம்பது பேர் உட்காரும் இடம் வாடகைக் கடையின் ஒரு மூலையில் அடங்குகிறது. அதன் வளைவுகள் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல. தகடு மெலிது, அதனால் வளைத்தும் விளிம்பை மடித்தும்தான் விறைப்பு கொண்டுவர முடியும். சாய்ப்பில் இருக்கிற நீள் துளைகளால் பிளாஸ்டிக் மிச்சம், முதுகுக்குக் காற்று. பிளாஸ்டிக் ஸ்டூலின் நடுவில் இருக்கிற ஓட்டையும் காரணத்தோடுதான் இருக்கிறது, அடுக்கிய ஸ்டூல்களை உருவும்போது உள்ளே காற்று போக வழி இல்லையென்றால் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும்.

அதன் குறைகளும் தெரிந்திருக்க வேண்டும். மொட்டைமாடியில் வெயிலில் விட்டால் பாலிப்ரொப்பிலீன் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெளுத்து, தேய்த்தால் மாவுபோல் கையில் ஒட்டினால் அதில் யாரையும் உட்கார விடாதீர்கள். ஈரமான டைல்ஸில் பின்னால் சாய்ந்தால் பின்கால்கள் அகன்று வழுக்கும். கல்யாண வீடுகளில் கனமானவர்களுக்கு இரண்டு நாற்காலியை ஒன்றாக அடுக்கிப் போடுவார்கள் இல்லையா, அது நல்ல பழக்கம்.

இணையத்தில் பார்த்த ஒரு நாற்காலியின் படம் அனுப்பினால் அதேபோல் செய்து தருவீர்களா?

செய்து தரலாம், ஆனால் படத்தில் தெரியாதது எது என்று முதலில் பேசிக்கொள்வோம்.

அடிக்கடி வருவது டென்மார்க்கின் ஹன்ஸ் வெக்னர் 1949ல் வரைந்த, முதுகில் ஆங்கில ஒய் எழுத்துபோல் கட்டை உள்ள நாற்காலி. அதன் இருக்கை ஏறத்தாழ 120 மீட்டர் காகிதக் கயிற்றால் பின்னியது. குளிர்நாட்டில் பல்லாண்டு உழைக்கும், சென்னையின் ஈரத்திலும் சிந்துகிற சாம்பாரிலும் அந்தக் காகிதக் கயிற்றை வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதே உருவத்தில் பருத்தி நாடாவோ வயரோ பின்னித் தருகிறோம்.

அடுத்தது சண்டிகர் நாற்காலி. 1950களில் அந்த நகரத்தைக் கட்டியபோது சுவிஸ் கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே அரசு அலுவலகங்களுக்காக வடிவமைத்தது. தேக்கு, பிரம்புப் பின்னல், கவிழ்த்த வி எழுத்துபோல் கால்கள். உள்ளூர்த் தச்சர்கள் கையால் செய்தவை. நம் வெயிலை நினைத்துச் செய்ததால் நம் வீட்டுக்கும் பொருந்துகிறது. பின்னாளில் அவற்றை உடைசல் என்று குவித்துப் போட்டார்கள், அதே நாற்காலிகள் வெளிநாட்டு ஏலங்களில் இன்று லட்சக்கணக்கில் போகின்றன. இந்த மாதிரியைக் கேட்டு வருகிறவர்களை நான் தடுப்பதே இல்லை. உயரத்தை மட்டும் குறைத்துக்கொள்வோம்.

சில நாற்காலிகள் பார்ப்பதற்கென்றே பிறந்தவை. டச்சுக்காரர் ரீட்ஃபெல்ட் 1918ல் தொடங்கி, பின்னர் சிவப்பும் நீலமும் அடித்த அந்தப் பலகை நாற்காலி, வடிவமைப்புப் படிக்கிற எல்லோரும் பார்த்தே ஆக வேண்டியது. அதில் உட்கார்ந்து ஒரு முழுக் கச்சேரி கேட்க முடியாது. ஹாலில் ஒரு மூலையில் வைத்து ரசிக்கிறேன் என்றால் மகிழ்ச்சியாகச் செய்து தருவேன்.

அப்படியென்றால் அழகுக்கு நீங்கள் முக்கியத்துவம் கொடுப்பதில்லையா?

நிறையக் கொடுக்கிறேன். அழகில்லாத நாற்காலியை யாரும் பழுது பார்த்து வைத்துக்கொள்வதில்லை, ஒரு கால் ஆடியதும் தெருவுக்குப் போய்விடும்.

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958ல் இந்திய அரசுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில் இங்கே பார்த்த பொருள்களிலேயே சொம்பைத்தான் மிகவும் மெச்சினார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1961ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் வந்தது. சொம்பை நினைத்துப் பாருங்கள். கழுத்தில் விரல் பிடிக்கிற இடம், இடுப்பில் வைத்தால் பொருந்துகிற வயிறு, தண்ணீர் ஊற்றும்போது கையில் சமமாக நிற்கிற எடை. எந்த வளைவைத் தொட்டாலும் அதற்கு ஒரு வேலை இருக்கிறது, அதுவே அழகாகவும் இருக்கிறது. வியன்னாவில் மிஹாயெல் தோனெட் 1859ல் கொண்டுவந்த 14ஆம் எண் காபிக்கடை நாற்காலியும் அப்படித்தான். ஆவியில் வளைத்த மரம், மொத்தம் ஆறு துண்டு, கொஞ்சம் திருகாணி. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி.

நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். சாப்பாட்டு மேசை நாற்காலியை நாம் அதிகம் பார்ப்பது அதன் பின்பக்கத்தை, மேசைக்குள் தள்ளியிருக்கும்போது. சென்னை ஃபிளாட்களில் ஹாலுக்கு வந்ததும் கண்ணில் படுவது ஆறு நாற்காலிகளின் முதுகுதான். அதனால் செதுக்கலோ வளைவோ எதுவானாலும் சாய்ப்பின் பின்பக்கத்தில் செலவு செய்யுங்கள், சாய்ப்பு உயரம் தரையிலிருந்து 80, 85 செ.மீட்டருக்குள் நிற்கட்டும், அறை அடைபட்டதுபோல் தெரியாது. சாய்ப்பின் மேல் மூலைகள் கூர்மையாகத் துருத்தக் கூடாது. புடவை முந்தானையும் துப்பட்டாவும் மாட்டிக் கிழிவது அங்கேதான்.

பாட்டிக்கு வாங்க வேண்டும். தாழ்வாக இருந்தால் நல்லதுதானே?

இங்கே மட்டும் மேலே சொன்னதை மாற்றிக்கொள்ளுங்கள். மூட்டு வலி உள்ளவர்களுக்கு உட்காருவதைவிட எழுவதுதான் கஷ்டம். முழங்கால் அளவைவிட 3, 4 செ.மீ. கூடுதலாக வையுங்கள், கால் தொங்கினால் சின்னப் பலகை போட்டுக்கொள்ளலாம், எழும்போது அதை ஒதுக்க வேண்டும். கைப்பிடி கட்டாயம், அதுவும் பலகையின் முன் விளிம்பு வரை வர வேண்டும், அதை அழுத்தித்தான் எழுவார்கள். இருக்கைக்கு அடியில் முன்பக்கம் குறுக்குக் கட்டை வேண்டாம். எழும்போது யாரும் பாதத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வோம், அதற்கு இடம் வேண்டும். ஈசிசேர் வேண்டாம் என்று சொல்ல மனம் வலிக்கிறது, ஆனால் அதிலிருந்து எழ ஒரு ஆள் கை கொடுக்க வேண்டியிருந்தால் அது அவர்களைக் கட்டிப்போட்டுவிடும்.

வீட்டிலிருந்து வேலை. எட்டு மணி நேரம் உட்கார எது நல்லது?

இந்த ஒன்றை நாங்கள் செய்வதில்லை. உயரம் ஏற்றி இறக்குகிற, சாய்கிற, வலை முதுகு உள்ள நல்ல அலுவலக நாற்காலியைக் கடையில் வாங்குங்கள். 1994ல் அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் கம்பெனி கொண்டுவந்த ஏரான் என்ற அலுவலக நாற்காலி ஸ்பான்சை விட்டு வலைக்குப் போனதோடு மூன்று அளவுகளில் வந்தது, சட்டைபோல. ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தாது என்று பெரிய கம்பெனியே ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் முதுகெலும்பு வட்டுகளுக்குள் இருக்கும் அழுத்தத்தையே அளந்து பார்த்தார். முன்னால் குனிந்தால் ஏறுகிறது, பின்னால் சாய்ந்தால் இறங்குகிறது. எனவே பலகைக்கும் சாய்ப்புக்கும் நடுவே 100, 110 டிகிரி இருக்கும்படி சாய்ந்து உட்காருங்கள், திரையை அருகே இழுத்துக்கொள்ளுங்கள், அரைமணிக்கொரு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள்.

மரம் எது? ஸ்பான்ச் எது?

தேக்கு முடிந்தால் தேக்கு, வேங்கையும் நன்றாக உழைக்கும், கனம் அதிகம். ரப்பர் மரம் மருந்தேற்றியதாக இருந்தால் மட்டும், இல்லையென்றால் உளுத்துவிடும். மரத்தைவிட மூட்டு முக்கியம். ஒரு கட்டையில் துளை அடித்து மற்றதன் முனையை அதற்குள் செருகிய மூட்டா, வெறும் திருகாணியா என்று கேளுங்கள். நாற்காலியைத் தூக்கி எதிரெதிர் மூலைகளைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள், கிரீச்சென்றால் வாங்காதீர்கள். ஸ்பான்ச் 40 டென்சிட்டி (அடர்த்தி), இரண்டு அங்குலம் போதும்.

ஆர்டர் கொடுக்க வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

உங்கள் மேசையின் உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள், மேசைக்கு அடியில் கட்டை ஓடினால் அதன் உயரத்தையும். அப்புறம் அந்த நாற்காலியில் அதிகம் உட்காரப் போகிறவரை அழைத்து வாருங்கள். பெரும்பாலும் பணம் கொடுக்கிற மகனோ மருமகனோ தனியாக வந்து, எங்கள் வீட்டில் எல்லோரும் சராசரி உயரம்தான் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அம்மா வர முடியாவிட்டால் பரவாயில்லை, வீட்டில் அவரைக் கட்டிலில் நேராக உட்காரவைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை டேப் வைத்து அளந்து அனுப்புங்கள், செருப்பில்லாமல்.